வாளியில் இரண்டு தட்டு

மீன் விற்கிறவனுக்குக் கூச்சம் இருக்கக்கூடாது. எனக்கு இருந்தது. மயிலிட்டியில் வள்ளம் கரைக்கு வந்ததும் பெட்டியை நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிற மற்றவர்கள், ஒழுங்கைக்குள், ஊர்ச் சந்துக்குள், நுழையும்போதே குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலுக்கே பாதி மீன் விற்றுவிடும். நான் வாயைத் திறந்தால் "மீன்" என்ற ஒரே ஒரு சொல் தொண்டைக்குள்ளேயே புரண்டு படுத்துவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் படிப்பு வராதது காரணமில்லை. ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

கலியாணம் முடித்த புதிதில், விற்காத மீனோடு நான் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்த என் மனைவி, ஒரு ரப்பர்க் குமிழ் ஹோர்னை வாங்கிச் சைக்கிளில் பூட்டிவிட்டாள். "நீங்கள் ஒண்டும் கூப்பிட வேண்டாம். அமுக்குங்கோ, அது கூப்பிடும்."

அந்த ஹோர்னோடுதான் முதல் முதல் புத்தூர் அக்காவின் படலையில், வேலி வாசலில், போய் நின்றேன். இரண்டு தரம் அமுக்கினேன். உள்ளேயிருந்து வாளியில் இரண்டு தரம் தட்டுகிற சத்தம் வந்தது. டங், டங். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒரு தரம் அமுக்கினேன். ஒரு தரம் தட்டுப்பட்டது. மூன்றாம் நாள் கூச்சத்தில் என் கை நிற்காமல் குமிழை அமுக்க, அது மாடு கத்துவதுபோலக் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே வாளியும் நிற்காமல் அடிபட்டது. ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. கடைசியில் முழங்கைவரை வெங்காயப் பாத்தி மண்ணோடு ஒரு குட்டையான மனுசி வாளியும் கையுமாக வெளியே வந்தார்.

"தம்பி, பழுதானது உன்ரை சாமானோ நீயோ?"

அதுதான் அக்கா. அப்போது ஐம்பது வயது இருக்கும். கலியாணம் செய்யாதவர். அம்மாவுடைய வீடும் தோட்டமும் அவருக்குத்தான் வந்திருந்தன. அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்து வெங்காயம் போட்டார், கோழி வளர்த்தார். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் மீன் வாங்குவார். வெள்ளியில் அந்த ஒழுங்கையிலேயே ஒருவரும் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் சமைக்கமாட்டார்கள் என்பதால் நானும் அந்தப் பக்கம் போவதில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அவர் எதையும் முதலில் தொடங்கமாட்டார். வந்ததைத் திருப்பிக் கொடுக்காமலும் விடமாட்டார்.

ஒரு முறை அயல்வீட்டு மனுசன், அக்காவின் கோழி தன் கீரையைக் கொத்தியதென்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கெட்ட வார்த்தையால் பேசினான். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும், அவன் சொன்னதையே, அதே வரிசையில், ஒரு சொல் கூடாமல் குறையாமல் திருப்பிச் சொன்னார். கோபமே இல்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல இருந்தது. அந்த மனுசன் மறுபடி தொடங்கினான், மறுபடி வந்தது. கடைசியில், "எணை, என்னை விடுங்கோ" என்று அவனே உள்ளே போய்விட்டான்.

சித்திரை வருடப் பிறப்புக்கு என் மனைவி அரியதரப் பலகாரம் சுட்டு ஒரு பாத்திரத்தில் கொடுத்துவிட்டாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா அடுத்த நாள் அதே பாத்திரத்தில் அதே அளவு அரியதரம் வைத்துக் கொடுத்தார். மனைவி திறந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் குடுத்ததை அப்பிடியே திருப்பி விட்டிட்டாவோ?"

"தின்னாமல் எப்பிடித் தெரியும்?" என்றேன்.

ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். "இது என்ரை கையில்லை. இது நல்லாயிருக்கு" என்றாள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

அக்காவின் குசினி விறாந்தையில் ஒரு தேயிலைப் பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் சதுரங்கப் பலகை. ஒரு கோட்டை தொலைந்துபோனதால் அந்த இடத்தில் நூல்கட்டை நின்றது. பக்கத்து ஆணியில் தபாலட்டைகள் குத்தியிருந்தன. தெல்லிப்பழையில் இருந்த அவருடைய அண்ணன் தபாலில் ஆடுகிற ஆட்டம் அது. அட்டையில் சுகம் கேட்டு ஒரு வரி இருக்காது, கையெழுத்து இருக்காது. ஒரு எழுத்து, ஒரு இலக்கம், அவ்வளவுதான். கோழி பாய்ந்து காய்களைக் கொட்டிவிட்டால் அக்கா அட்டைகளை முதலிலிருந்து பார்த்து மறுபடி அடுக்குவார்.

அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, கிணற்றில் அண்ணனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று வாய்த்தர்க்கம் வந்து, "இனி உன்ரை படலை மிதியன்" என்று அண்ணன் சொன்னாராம். "நானும் உங்கடை படலை மிதியன்" என்று அக்கா சொன்னாராம். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அக்காவும் சொல்லியிருக்கமாட்டார். அன்றைக்கே அக்கா வேலிப் பொட்டையும் அடைத்துவிட்டார். பொட்டு என்றால், பக்கத்து ஒழுங்கைக்கோ சொந்தக்காரர் வளவுக்கோ ஆள் குனிந்து போய்வர வேலியில் விடுகிற இடைவெளி. எங்கள் ஊர்களில் கோபம் வந்தால் முதலில் அடைபடுவது அதுதான்.

"எல்லாரும் நடுவாலை சிப்பாயைத் தள்ளித் துவங்குவினம். அண்ணை ஓரத்தாலை துவங்கியிருக்கிறார் பார்" என்று அக்கா ஒருநாள் எனக்குப் பலகையைக் காட்டினார். "சின்னனிலையே உவர் படலையாலை வரமாட்டார். பொட்டுக்குள்ளாலைதான் நுழைவார்."

"நீங்கள் எதாலை துவங்கினியள் அக்கா?"

"நானும் ஓரத்தாலைதான்."

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் கண் தெரியும். அந்தப் பக்கம் மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாய் இரண்டு கட்டம் வந்திருந்தது. இந்தப் பக்கமும் அப்படியே. அந்தப் பக்கத்து மந்திரி ஓரத்தில் ஏறி நின்று குறுக்கே பார்த்தது. இந்தப் பக்கத்து மந்திரியும் அப்படியே ஏறிப் பார்த்தது. குதிரைக்குக் குதிரை. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் ஒரு பக்கத்துக் காய்கள் போதும், மற்றதைப் பெட்டியில் போட்டுவிடலாம்.

"பாத்தெழுதுறதுக்கு ஏன் அக்கா முத்திரைச் செலவு?" என்று கேட்டேன். எனக்குச் சில நேரம் வாய் வந்துவிடும், வரக்கூடாத நேரத்தில்.

அக்கா சிரிக்கவில்லை. "அவர் என்ரை ராசாவை வெருட்டுமட்டும் இப்பிடித்தான். வெருட்டினால் பேந்து பாத்து ஆடேலாது. என்ரை ராசாவைத்தான் நான் பாக்கவேணும்" என்றார். வெருட்டுவது என்றால் ராசாவுக்குச் செக் வைப்பது.

சண்டை மூண்டு தபால் ஒழுங்காக வராமல் போன காலத்தில் அக்கா என்னைக் கேட்டார். "தம்பி, நீ தெல்லிப்பழைக்குள்ளாலைதானே வாறனி?"

மயிலிட்டியிலிருந்து புத்தூருக்கு வசாவிளான் வழியாக நேரான பாதை இருக்கிறது. தெல்லிப்பழை அதற்கு மேற்கே கிடக்கிறது. "இல்லை அக்கா, அது என்ரை வழியில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓம்" என்று சொன்னேன். அன்றிலிருந்து, ஆட்டம் நகருகிற நாளெல்லாம், வெயிலில் மீன் நாற நாறச் சுற்றிப் போனேன். இல்லை என்று சொல்லத் தெரியாதவனுடைய கால் எவ்வளவு பலமாகும் என்பதற்கு நான் சாட்சி.

ஐயாவும், அக்காவின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், நல்ல மனுசன். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, தாவாரத்தில் பலகையை வைத்துக்கொண்டு இருப்பார். நான் நீட்டுகிற கடதாசியைப் பார்த்து, "அதேதான் ஆடியிருக்கிறாள்" என்பார். குரலில் எரிச்சலும் இருக்கும், ஒருவகைச் சந்தோஷமும் இருக்கும்.

"தங்கச்சியோடை ஒருக்காக் கதைச்சால் என்ன ஐயா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டேன்.

"அவள் வந்து கதைச்சால் நானும் கதைப்பன்."

புத்தூருக்குப் போய் அக்காவிடமும் கேட்டேன்.

"அவர் வந்து கதைச்சால் நானும் கதைப்பன்."

ஒரு நாள் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரன் என் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தான். ஒரு எழுத்து, ஒரு இலக்கம். அவன் முகம் மாறிவிட்டது. என்ன இரகசியம் என்று அவன் பாஷையில் கேட்டான். எனக்கு என் பாஷையிலேயே பேச்சு வராது. பயத்தில் மீன்பெட்டியின் மூடியை நிலத்தில் வைத்து, சின்ன மீன்களைச் சிப்பாய்களாக இரண்டு பக்கமும் அடுக்கி, பின்னால் இரண்டு பெரிய மீனை ராசாக்களாக வைத்தேன். குதிரைக்கு ஒரு விளைமீனை வைத்து, அது தாவுவதைத் தாவிக் காட்டினேன். நானும் கூடத் தாவியதாகப் பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். குதிரையையும் இரண்டு பக்கத்து ராசாக்களையும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நான் கடதாசி கொண்டுபோகவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போனேன். என்னுடைய ஞாபகத்துக்கு ஏற்ற ஆட்டம் அது. போகும்போது மட்டும் நினைவில் வைத்தால் போதும். திரும்பி வரும்போது "அதேதான்."

தொண்ணூறாம் ஆண்டு எல்லாம் குலைந்தது. ஷெல்லடிக்கு மயிலிட்டியே எழுந்து ஓடியது. நானும் மனைவியும் ஒரு சட்டி, ஒரு பாய், ஹோர்னோடு சைக்கிள், இவ்வளவோடு நீர்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கினோம். வகுப்பறையைச் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள். கொஞ்ச நாளில் சேலைக்கு மறுபக்கம் ஓர் இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஐயா. தெல்லிப்பழையும் எழும்பிவிட்டது. பக்கத்தில் அவருடைய மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். தொய்வு வருத்தம், மூச்சிரைப்பு நோய். அந்த அம்மாவுக்குப் பெற்றார் வழி வீடு கிடைத்திருந்தது தெல்லிப்பழையில்தான். போக வேறு இடமில்லை.

சைக்கிளில் போனால் வியர்க்கும் முன் வந்துவிடுகிற தூரத்தில் தங்கையின் வீடு. அதில் ஆளில்லாத அறைகள். ஐயா கேட்கமாட்டார். அக்கா கூப்பிடமாட்டார். ஆட்டம் மட்டும் நடந்தது. நான் தொண்டைமானாற்றில் கிடைக்கிற கொஞ்ச மீனோடு புத்தூருக்குப் போய் நகர்வைச் சொல்வேன்.

"மச்சாள் எப்பிடி?" என்று அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால், "உங்கை கூரை ஒழுக்கிருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கக்கா. நிலமெல்லாம் ஈரம்."

"உனக்கு வருத்தம் வரும், கவனம்" என்றார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகை மழை பிடித்தது. ஓர் இரவு முழுக்க அந்த அம்மாவின் இழுப்பு நிற்கவில்லை. விடிந்தபோது உதடு நீலமாக இருந்தது. ஐயா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னை வெளியே இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி இன்னொரு மழைக்குத் தாங்காது. உங்கடை அக்காட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்."

"சொன்னாலும் அவர் முதலிலை கூப்பிடமாட்டாரப்பா. வந்தால்தான் திருப்பிக் குடுப்பார்."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகள் குறைவு என்பதால் அது வந்த இடம்கூட ஞாபகமிருக்கிறது, தண்ணீர்க் குழாயடி. எங்களுடைய ஒரே அலுமினியச் சட்டியை எடுத்தேன். அடியில் நெளிந்து, எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் சரிந்து நிற்கிற சட்டி. ஆற்றங்கரைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்துப் போட்டேன். மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு இப்பிடி ஒரு மூளை இருக்கெண்டு கலியாணம் பேசேக்கை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள்.

அக்காவின் படலையில் ஹோர்ன் அடிக்கவும் மறந்து உள்ளே போனேன். சட்டியை நீட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பழகிய வசனத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஐயா உங்களுக்குக் குடுத்துவிட்டவர்."

அக்கா சட்டிக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன கிழமை தம்பி?"

பள்ளிக்கூடத்தில் கிடக்கிறவனுக்குக் கிழமை ஏது? "வியாழனாக்கும் அக்கா" என்றேன்.

"ம்" என்றார். மீனை வெட்டிக் கழுவினார். அடுப்பில் வைக்காமல் உப்புப் போட்டு மூடி உறியில் வைத்தார். மீன் பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தார். நான் கையை நீட்டினேன். அரிசியோ மாவோ போட்டுத் தருவார், அதை ஐயாவிடம் கொடுத்து, பேச்சுத் தொடங்கி, மெல்ல மெல்ல... என்பது என் கணக்கு.

அக்கா சட்டியைத் தரவில்லை.

"வெருட்டிப்போட்டார்" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னிடம், "சட்டி இஞ்சை கிடக்கெண்டு சொல்லு. வேணுமெண்டால் சட்டிக்காரர் வந்து எடுக்கட்டும்."

வெறும் கையோடு திரும்பினேன். வந்த பாத்திரத்தை வைத்துக்கொண்ட அக்காவை நான் அதுவரை கண்டதில்லை. எங்களுக்கு இரவுக்குக் கஞ்சி காய்ச்சவும் சட்டி இல்லை. மனைவி சொன்னது எதையும் இங்கே எழுத முடியாது.

சேலைக்கு மறுபக்கம் போய் ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, உங்கடை சட்டியை வந்து எடுக்கட்டாம்."

"என்ன சட்டி?"

"அது... மீன்..." எனக்கு வசனம் அதோடு முடிந்துவிட்டது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஓம் ஓம். அந்தச் சட்டி" என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "படலை மிதியன் எண்டு சொன்னனான். எப்பிடிப் போய் எடுக்கிறது?"

அடுத்த நாள் அதையும் கொண்டுபோய் அக்காவிடம் சொன்னேன். "படலை மிதியாராம்."

"மிதிக்க வேண்டாம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் நான் போனபோது அக்கா கத்தியோடு வேலியில் நின்றார். அடைத்திருந்த பொட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த தடிகளை வெட்டி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல்.

"என்னக்கா இது?"

"ஆடு போய்வர வழி வேணும்."

அக்காவிடம் ஆடு இல்லை. எனக்கு அது விளங்கப் பள்ளிக்கூடம்வரை சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது.

பின்னேரம் ஐயா தன் மனைவியை என் சைக்கிளின் பின்னால் இருத்திப் பிடித்துக்கொண்டு, நான் தள்ள, பக்கத்து ஒழுங்கையால் வந்தார். பொட்டின் முன்னால் நின்றார். அறுபது வயது மனுசன், வேட்டியை மடித்துக் கட்டி, தலையைக் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி உள்ளே நுழைந்தார். நுழையும்போது கண்ணாடி தடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துக் கொடுத்தது அக்கா.

"சட்டி எடுக்க வந்தனான்" என்றார் ஐயா.

"சட்டி அடுப்பிலை. உலை கொதிக்குது. இப்ப தூக்கேலாது" என்றார் அக்கா. பிறகு மச்சாளின் கையைப் பிடித்து, "தலை கவனம், குனியுங்கோ" என்று உள்ளே எடுத்தார்.

அந்த உலை ஐந்து வருடம் கொதித்தது. மேற்கு அறையில் ஐயாவும் மனைவியும் இருந்தார்கள். நிலம் காய்ந்த அறை. அந்த அம்மாவின் இழுப்பும் குறைந்தது. எங்களையும் அக்கா பள்ளிக்கூடத்தில் விடவில்லை. வளவின் கோடியில் ஒரு கொட்டில் போட இடம் தந்தார். எங்களுக்கு மகள் பிறந்தது அங்கேதான். ஐயா ஒரு நாளும் படலையால் போய்வரவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நகர்வைக் கடதாசியில் எழுதி உப்புச் சாடியின் கீழே வைத்தார்கள். கண்ணாடி ஆட்டம் அப்போது முடிந்திருந்தது. ஐயா உண்மையாகவே ராசாவை வெருட்டியிருந்தார். யார் வென்றார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும், தான் முதலில் இறங்கி வரவில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

எனக்கோ உள்ளுக்குள் பெரிய பெருமை. இவ்வளவு படித்த இரண்டு பேரை நான் ஒரு சட்டி மீனால் ஏமாற்றிச் சேர்த்துவைத்தேன் என்று, ஐந்து வருடம், மீன் வெட்டும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, வலிகாமத்து ஊர்கள் முழுவதும் ஒரே தெருவில் இறங்கின. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி, காலை எடுத்தால் வைக்க இடமில்லாத சனம். அக்கா வீட்டார் எங்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டார்கள். செம்மணி வெளியில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கூட்டத்தில் அவர்களைக் கண்டேன். மச்சாளைச் சைக்கிளில் இருத்தி ஐயா தள்ளினார். அக்காவின் ஒரு கையில் வாளி, மற்றக் கையில் எங்கள் சட்டி.

"நல்லவேளை கண்டது. இந்தா உன்ரை சட்டி" என்று நீட்டினார்.

நீட்டிய கையைப் பின்னால் இழுத்தேன். "அது ஐயாவின்ரை சட்டியெல்லோ அக்கா?"

"என்ரை அண்ணை வெள்ளிக்கிழமையிலை மச்சம் குடுத்து விடுவாரோ? மொக்கா."

ஐயா அந்த மழைக்குள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்ன சட்டியெண்டு அண்டைக்கு ஒருக்காக் கேட்டனான். பேந்து கேட்டனானோ?" என்றார்.

என் மனைவி தெருவில், அத்தனை சனத்துக்கு நடுவில், வாய்விட்டுச் சிரித்தாள். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த ஆட்டத்தில் நகர்த்தப்பட்ட காய் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டி பாரமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஓர் ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி. அவர்கள் கையிலும் வேறு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு..."

"வெறுமையாக் குடுக்கிறேல்லை" என்றார். "பிள்ளைக்குக் குடு. நட."

அதற்குள் பின்னாலிருந்து சனம் தள்ளியது. ஒரு மாட்டு வண்டில் குறுக்கே வந்தது. அது விலகியபோது அவர்களைக் காணவில்லை. மனைவி, "கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோவன்" என்று கத்தினாள். வாயைத் திறந்தேன். என் தொண்டை என்னை அன்றைக்கும் கைவிட்டது.

ஹோர்னை இரண்டு தரம் அமுக்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கேயோ முன்னால், குடைகளுக்கும் மூட்டைகளுக்கும் அப்பால், டங், டங்.

மறுபடி அமுக்கினேன். டங், டங். இன்னும் தூரத்தில். அப்படியே பாலம்வரை அமுக்கிக்கொண்டு போனேன். பாலத்தில் ஏறியபோது எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவர்களைக் காணவுமில்லை, எங்கே போனார்கள் என்று அறியவுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் தட்டாமல் விட்டிருக்கமாட்டார். எனக்குத்தான் கேட்கவில்லை.